குதிரையும் கட்டை விரலும்

காரக்கோணத்தில் துப்பாக்கியின் விசைக்குக் 'காஞ்சி' என்று பெயர். எல்லை தாண்டி களியக்காவிளைப் பக்கம் வந்தால் அது 'விசை'. காக்கிச் சட்டைக்காரர்களைக் கேட்டால் இரண்டு பக்கமும் 'டிரிக்கர்'. 1956 நவம்பர் 1ல் விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துக்கு வந்து, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றுவிட்டபோது கோடு விழுந்தது வரைபடத்தில்தான். ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஓடும் இடவழிகள் அந்தக் கோட்டைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. கல்யாணம், சந்தை, ஆஸ்பத்திரி என்று எல்லாவற்றுக்கும் ஜனங்கள் இரண்டு பக்கமும் போய் வருகிறார்கள். காரக்கோணத்தில் உள்ள மருத்துவக் கல்லூரிக்கே நெய்யூரில் பல வருஷம் அறுவைச் சிகிச்சை செய்த டாக்டர் சாமர்வெல்லின் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். எவரெஸ்ட் ஏறப்போன அதே சாமர்வெல். நெய்யூர் இன்று தமிழ்நாடு, காரக்கோணம் கேரளம்.

ஜனங்கள் போகும் வழியில் சரக்கும் போகிறது. ரேஷன் அரிசியும் ஜல்லியும் கேரளத்துக்கு, கோழிக் கழிவும் ஆஸ்பத்திரிக் கழிவும் தமிழ்நாட்டுக்கு. 2017ல் ஜி.எஸ்.டி. வந்ததும் வணிக வரிச் சாவடிகளுக்கு வேலை போயிற்று. போலீஸ் சாவடிகள் தொடர்ந்தன. ஒரு தடுப்புக் கம்பி, ஒரு கூரை, ஒரு டார்ச், ராத்திரியெல்லாம் விழித்திருக்கும் ஓரிரு போலீஸ்காரர்கள்.

அப்படி ஒரு சாவடியில், களியக்காவிளை சந்தை ரோட்டில், 2020 ஜனவரி 8 இரவு சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர் வில்சன் பணியில் இருந்தபோது கொல்லப்பட்டார். இரண்டு பேர் நடந்து வந்து, கிட்டே நின்று சுட்டார்கள், கத்தியாலும் குத்தினார்கள். ஆறாம் நாள் உடுப்பியில் இருவர் பிடிபட்டனர். துப்பாக்கி எர்ணாகுளத்தில் ஒரு சாக்கடையில் இருந்து எடுக்கப்பட்டது. வழக்கு தேசியப் புலனாய்வு முகமைக்குப் போயிற்று. அடுத்த வருஷமே, 2021 நவம்பர் 21 அதிகாலையில், திருச்சி நவல்பட்டு ஸ்டேஷனைச் சேர்ந்த சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர் பூமிநாதன் ஆடு திருடர்களை மோட்டார் சைக்கிளில் துரத்திப் போய், புதுக்கோட்டை மாவட்டம் பள்ளத்துப்பட்டியில் வெட்டிக் கொல்லப்பட்டார். அப்போது டி.ஜி.பி.யாக இருந்தவர் சைலேந்திர பாபு, களியக்காவிளைக்குப் பக்கத்துக் குழித்துறைக்காரர். இரவு ரோந்துக்குப் போகிறவர்கள் துப்பாக்கியோடு போக வேண்டும், உயிருக்கு ஆபத்து என்றால் தற்காப்புக்காக அதைப் பயன்படுத்தத் தயங்கக் கூடாது என்றார் அவர்.

சரிதான். ஆனால் துப்பாக்கியை எடு என்று சொல்லும் உத்தரவு, எடுக்கும் கை என்ன செய்ய வேண்டும் என்று சொல்வதில்லை. உறையிலிருந்து உருவுவதற்கும் சுடுவதற்கும் நடுவே ஒரு விநாடி அல்லது இரண்டு விநாடி இருக்கிறது. அந்த விநாடியில் கட்டை விரல் ஒரு காரியம் செய்யத் துடிக்கும். துப்பாக்கியின் பின்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் கொண்டையைக் கீழே இழுத்து 'க்ளிக்' என்று நிறுத்தும். இதைச் செய்யலாமா கூடாதா என்பது கேட்பதற்குச் சின்ன விஷயம். இந்தியாவில் அந்தக் கேள்வியைப் பொதுவில் யாரும் கேட்டதாகவே தெரிவதில்லை.

அந்தக் கொண்டைக்குத் தமிழில் அழகான ஒரு பேர் உண்டு. குதிரை. பழைய அகராதிகள் துப்பாக்கியின் சுத்தியலைக் குதிரை என்கின்றன. நாவலாசிரியர்கள் பிற்காலத்தில் விசையையும் குதிரை என்று சொல்லி இரண்டையும் குழப்பிவிட்டார்கள். இங்கே குதிரை என்றால் சுத்தியல்தான். அது பின்னால் இழுபட்டு நிற்பது ஏறிய குதிரை. விசை தட்டிவிட்டால் முன்னால் பாய்ந்து தோட்டாவின் அடியில் அறையும். தோட்டா வெடிக்கும்.

குதிரையை யார் ஏற்றுவது என்பதில்தான் துப்பாக்கிகள் ஜாதி பிரிகின்றன. ஒற்றைச் செயல் வகையில் விசைக்கு ஒரே வேலை: ஏறி நிற்கும் குதிரையைத் தட்டி விடுவது. ஏற்றும் வேலையைக் கை செய்தாக வேண்டும். 1873ல் வந்த கோல்ட் ரிவால்வர், ஹாலிவுட் கௌபாய்களின் இடுப்பில் தொங்குகிறதே, அது இந்த வகை. ஒவ்வொரு குண்டுக்கும் கட்டை விரல் வேண்டும். 1911 ஜூன் 17ல் மணியாச்சியில் ஆஷ் துரையைச் சுட்ட வாஞ்சிநாதன் வைத்திருந்த பெல்ஜியம் பிரௌனிங்கிலும் விசை தானாக எதையும் ஏற்றாது. மேல் தகட்டைப் பின்னுக்கு இழுத்துவிட்டால் முதல் தோட்டா தயாராகும். அதன் பிறகு ஒவ்வொரு வெடிப்பும் அடுத்ததைத் தயாராக்கும்.

இரட்டைச் செயல் வகையில் விசையே இரண்டு வேலையையும் பார்க்கும். விரலால் நீளமாக இழுத்தால் குதிரை பின்னால் ஏறும். இழுப்பின் முடிவில் தானே விடுபட்டு அறையும். கட்டை விரலுக்கு அங்கே வேலையே இல்லை. ஆனாலும் பெரும்பாலான ரிவால்வர்களில் குதிரைக்குக் கொண்டை வைத்திருக்கிறார்கள். வேண்டுமானால் கையாலும் ஏற்றிக்கொள்ளலாம். அந்த 'வேண்டுமானால்' என்ற இடத்தில்தான் வம்பு ஆரம்பிக்கிறது.

இந்தக் குழப்பத்துக்கு வயது நூற்றெழுபதுக்கு மேல். 1851ல் லண்டனில் ராபர்ட் ஆடம்ஸ் செய்த ரிவால்வரில் கொண்டையே கிடையாது. இழுத்தால் வெடிக்கும், அவ்வளவுதான். கிட்டத்துச் சண்டைக்கு அது கோல்ட்டைவிட வேகமானது, ஆனால் தூரத்துக் குறிக்குக் கை ஆடியது. கிரிமியப் போரில் இருந்த பியூமாண்ட் என்ற பொறியியல் படை அதிகாரி இரண்டையும் ஒன்றாக்கினார். விசையாலும் ஏற்றலாம், கட்டை விரலாலும் ஏற்றலாம் என்ற அமைப்புக்கு 1856ல் காப்புரிமை கிடைத்தது. பியூமாண்ட்-ஆடம்ஸ் என்ற அந்த ரிவால்வர் உடனே பிரிட்டிஷ் ராணுவத்துக்கு வந்து, 1857ல் இந்தியாவிலும் வெடித்தது. அன்றிலிருந்து ரிவால்வர் வைத்திருப்பவர் எல்லோருக்கும் இரண்டு வழி.

இரண்டு வழிகளுக்கும் உள்ள தூரத்தைக் கிலோவில் சொல்லிவிடலாம். விசையை மட்டும் இழுத்துச் சுட, ஆள்காட்டி விரல் ஏறக்குறைய 5 கிலோ பலத்தை அரை அங்குலத்துக்கு மேல் இழுத்துச் செல்ல வேண்டும். அஞ்சு கிலோ அரிசிப் பையை ஒரே விரலில் மாட்டித் தூக்குவது மாதிரி. குதிரை ஏறி நின்றால் அதே விசைக்கு ஒன்றரை, இரண்டு கிலோ போதும். நகர வேண்டிய தூரமோ ஒரு நெல்மணியின் பருமன். சுடுவது என்று தீர்மானித்து, குறி பார்த்து, நிதானமாக நிற்பவருக்கு இது பெரிய வசதி. இன்னும் எதையும் தீர்மானிக்காதவர் கையில் இது என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

உருவும்போதே ஏற்றுவது என்றால், இன்னும் எதையும் தீர்மானிக்காத கை என்றுதான் அர்த்தம். உறையிலிருந்து வெளியே வரும் குழல் முதலில் பார்ப்பது சொந்தத் தொடையை. அடுத்து பாதத்தை, ரோட்டை, பக்கத்தில் நிற்கும் ஏட்டை. அதன் பிறகுதான் எதிராளியை. கொண்டையை எட்ட கட்டை விரல் பிடியிலிருந்து விலகுகிறது. துப்பாக்கி மூன்று விரல்களில் தொங்கும் அந்தக் கணத்தில் ஆள்காட்டி விரல் தன்னையறியாமல் விசை மேல் போய் அமர்ந்து சமன் செய்கிறது. வேர்த்த கை வேறு. களியக்காவிளையில் மழை பெய்யாத மாதங்களிலும் காற்றில் ஈரம் இருக்கும்.

இவ்வளவுக்கும் ஏற்றுவதால் நேரமாவது மிச்சமா என்றால், அதுவும் இல்லை. அமெரிக்காவின் எட் மெக்கிவர்ன் 1932ல் சாதாரண இரட்டைச் செயல் ரிவால்வரால் அரை விநாடிக்கும் குறைவான நேரத்தில் 5 குண்டுகளைச் சுட்டுக் காட்டினார், விசையை மட்டும் இழுத்து. கட்டை விரலை நம்பியிருந்தால் அவர் இரண்டாவது குண்டுக்கே திணறியிருப்பார். மெக்கிவர்ன் அசுரப் பயிற்சிக்காரர். சாவடி ஏட்டு அவர் அல்ல. ஆனாலும் கணக்கு ஒன்றுதான். ஏற்றுவது ஒரு தனி வேலை, அதற்குத் தனி நேரம் வேண்டும்.

பின் இந்தப் பழக்கம் எங்கிருந்து வருகிறது? பாதி சினிமாவிலிருந்து. தமிழ்ப் படத்தில் வில்லன் துப்பாக்கியை நீட்டி, மூன்று நிமிஷம் வசனம் பேசி, கதாநாயகன் அசரவில்லை என்று தெரிந்த பிறகு 'க்ளிக்' செய்வான். தியேட்டர் நிமிர்ந்து உட்காரும். அது ஒற்றைச் செயல் துப்பாக்கி என்றால் அந்த மூன்று நிமிஷமும் அவன் வெறும் இரும்பைக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறான். இரட்டைச் செயல் என்றால் அந்த 'க்ளிக்'குக்கு அவசியமே இல்லை. இப்போதெல்லாம் குதிரைக் கொண்டையே இல்லாத கிளாக் பிஸ்டலுக்கும் டப்பிங் தியேட்டரில் அந்தச் சத்தத்தைச் சேர்த்துவிடுகிறார்கள். அந்தச் சத்தத்துக்கு ஓர் அர்த்தம் ஊறிப்போயிருக்கிறது: இனி விளையாட்டில்லை. சாவடியில் குடிகாரன் ஒருவன் வம்பு பண்ணும்போது, சுடும் எண்ணமே இல்லாத போலீஸ்காரரும் அந்த அர்த்தத்துக்காகக் குதிரையை ஏற்றிவிடக்கூடும். மிரட்டலுக்காக.

மீதிப் பாதி விசையின் கனம். இந்தியப் போலீஸ் பல தலைமுறைகளாக இடுப்பில் கட்டியது வெப்லி ஜாதி ரிவால்வர்கள். நம் அரசுத் தொழிற்சாலையின் .32 ரிவால்வரும் வெப்லியின் வம்சம்தான். எல்லாமே இரட்டைச் செயல், எல்லாவற்றுக்கும் கொண்டை உண்டு, எல்லாவற்றுக்கும் விசை கனம். சின்னக் கை உள்ளவர்களுக்கு விரல் எட்டுவதே பாடு. அபூர்வமாகச் சுட்டுப் பழகுகிறவர், முதல் குண்டை விசையால் இழுத்துச் சுட்டு, அது இலக்கிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போவதைப் பார்க்கிறார். அடுத்ததைக் கட்டை விரலால் ஏற்றிச் சுட்டால் நடுவில் விழுகிறது. மதிப்பெண் வேண்டுமே! மைதானத்தில் கற்ற பாடம் இடுப்போடு சாவடிக்கும் வருகிறது. ஈசாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையின் 9 மி.மீ. பிஸ்டல் கதை வேறு. அது பிரௌனிங் வழி வந்த ஒற்றைச் செயல். அதில் ஏற்றாமல் சுடவே முடியாது. இரண்டு வகையும் ஒரே ஆயுத அறையில் இருக்கும்போது, ஒன்றின் பழக்கம் இன்னொன்றுக்குத் தாவுவதில் ஆச்சரியமில்லை.

பிரிட்டிஷ் ராணுவம் ஒரு காலத்தில் இதற்குக் கத்திரிக்கோல் வைத்தியம் செய்தது. 1938ல் என்ஃபீல்டு ரிவால்வரின் கொண்டையையே வெட்டி எறிந்துவிட்டார்கள். டாங்கிக்குள் ஏறி இறங்கும்போது கொண்டை எதிலாவது மாட்டிக்கொள்கிறது என்பது காரணம். கிட்டத்துச் சண்டையில் யாரும் அதை ஏற்றிக்கொண்டிருக்கப் போவதில்லை என்ற தெளிவும் அதற்குள் இருந்தது. குறி பார்க்கப் பிரியப்பட்ட சிப்பாய்கள் முணுமுணுத்தார்கள்.

அமெரிக்கப் போலீஸ் அதே இடத்துக்கு வரப் பல வருஷமும் ரத்தமும் ஆயிற்று. 1982 டிசம்பர் 28ல் மயாமி நகரின் ஓவர்டவுன் பகுதியில் ஒரு வீடியோ விளையாட்டுக் கூடத்துக்குள் போன லூயிஸ் ஆல்வரஸ் என்ற போலீஸ்காரர், நெவெல் ஜான்சன் என்ற 20 வயதுக் கறுப்பின இளைஞரைச் சுட்டார். ஜான்சன் இறந்தார், ஊர் பற்றி எரிந்தது. நீதிமன்றத்தில் அரசுத் தரப்பு எடுத்த வாதம் விசித்திரமானது: ஆல்வரஸ் வேண்டுமென்று சுடவில்லை, குதிரையை ஏற்றி வைத்திருந்தார், அது தவறிப்போய் வெடித்தது, ஆகவே அஜாக்கிரதை. எதிர்த் தரப்பு அதற்கு நேர் எதிர்: இளைஞர் ஆயுதத்தை எடுக்கத் திரும்பியதாக ஆல்வரஸ் நம்பினார், வேண்டுமென்றுதான் சுட்டார், தற்காப்பு. அதாவது போலீஸ்காரர் தப்பிக்க வேண்டுமானால் 'நான் நினைத்துத்தான் சுட்டேன்' என்று நிரூபிக்க வேண்டும். 1984 மார்ச்சில் ஜூரி அவரை விடுவித்தது. ஆனால் அந்த வாதத்தின் நிழல் போலீஸ் துறைகள் மேல் விழுந்தது. மயாமியின் ரிவால்வர்கள் கையால் ஏற்ற முடியாதபடி மாற்றப்பட்டன. லாஸ் ஏஞ்சலிஸிலும் நியூயார்க்கிலும் அதே மாற்றம் நடந்தது.

அந்த வழக்கில் இன்னொரு சங்கடம் உண்டு. வெடித்து முடிந்த ரிவால்வரில் குதிரை இறங்கித்தான் இருக்கும். கட்டை விரல் ஏற்றியதா, விசை ஏற்றியதா என்பதற்கு இரும்பில் அடையாளம் தங்காது. ஆய்வகம் விசையின் கனத்தை அளந்து சொல்லும். கையின் கதையைச் சொல்லாது.

நியூயார்க்கின் வைத்தியமும் முழு வைத்தியம் இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். ரிவால்வர் போய் கிளாக் வந்தபோதும் அந்நகரப் போலீஸ், விசையின் கனத்தை ஏறக்குறைய 12 பவுண்டு, அதாவது ஐந்தரைக் கிலோ என்று கூட்டி வைத்தது. அப்படியும் 2014 நவம்பர் 20 இரவு புரூக்ளினில், விளக்கெரியாத ஒரு குடியிருப்புப் படிக்கட்டில், கையில் பிஸ்டலோடு கதவைத் தள்ளிய பீட்டர் லியாங் என்ற புதுப் போலீஸ்காரரின் துப்பாக்கி வெடித்தது. குண்டு சுவரில் பட்டுத் தெறித்து, கீழ் மாடியில் வந்துகொண்டிருந்த நிராயுதபாணியான 28 வயது இளைஞரைக் கொன்றது. சத்தம் கேட்டுத் திடுக்கிட்டதில் விரல் இறுகிவிட்டது என்றார் லியாங். ஜூரிகள் அந்த பிஸ்டலின் விசையைத் தாங்களே இழுத்துப் பார்த்தார்கள். இவ்வளவு கனத்தைத் தெரியாமல் இழுக்க முடியுமா என்று சந்தேகப்பட்டு 2016ல் குற்றவாளி என்றார்கள். நீதிபதி பிறகு குற்றத்தைக் குறைத்து, சிறை இல்லாமல் விட்டார். 5 கிலோவிலேயே இத்தனை சந்தேகம். ஒன்றரைக் கிலோவில் என்றால்?

திடுக்கிட்டால் விரல் இறுகுமா? இறுகும். அமெரிக்க உடலியல் ஆய்வாளர் ரோஜர் எனோகா இதற்கு மூன்று சந்தர்ப்பங்களைச் சொல்கிறார். ஒன்று, எதிர்பாராத சத்தம் அல்லது தொடுகை. இரண்டு, கால் இடறி நிலை தடுமாறுவது. மூன்றாவதுதான் சாவடிக்கு நேராகப் பொருந்துவது: ஒரு கை எதையாவது இறுகப் பிடித்தால் இன்னொரு கையும் கூடவே இறுகும். இடது கை ஒருவன் சட்டைக் காலரைப் பிடித்திழுக்கிறது. வலது கையில் துப்பாக்கி. அவன் திமிறுகிறான். இடது கை இறுக, வலது கையும் மூளையைக் கேட்காமல் இறுகுகிறது. ஜெர்மனியில் சென்சார் பொருத்திய பிஸ்டலைக் கொடுத்து, விசை மேல் விரலை வைக்காதே என்று சொல்லி, கைது செய்யும் ஒத்திகை பார்த்தபோது, பயிற்சி பெற்ற போலீஸ்காரர்களிலேயே சிலருடைய விரல் விசையைத் தொட்டுப் போயிருந்தது.

இனி ஒரு கற்பனை. கேரளத்திலிருந்து ஒரு பைக் எல்லை தாண்டி வருகிறது. இரவு 11 மணி. சாவடி ஏட்டின் இடது கையில் டார்ச். பைக் நிற்காமல் தடுப்பை உரசித் தடுமாறி விழுகிறது. பின்னால் இருந்தவன் எழுந்து ஓடாமல் சாவடியை நோக்கி வருகிறான். ஏட்டு ரிவால்வரை உருவி, கட்டை விரலால் ஏற்றி நீட்டுகிறார். வந்தவன் கையில் அரிவாளா? டார்ச் வெளிச்சத்தில் தெரிகிறது: உடைந்த பைக் கண்ணாடி. அவன் அழுகிறான். வண்டி ஓட்டியவனுக்கு நினைவில்லை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்கிறான். சுட வேண்டிய அவசியம் இப்போது இல்லை. ஆனால் குதிரை ஏறி நிற்கிறது.

ஏற்றிய குதிரையை இறக்குவது ஏற்றுவதைவிடச் சிரமம். கட்டை விரலால் அதை இறுகப் பிடித்துக்கொண்டு, விசையை இழுத்து, குதிரையைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் விட வேண்டும். சுடுவதற்குச் செய்கிற அதே செயல், கட்டை விரல் மட்டும் தடுத்து நிற்கிறது. வேர்வையில் வழுக்கினால் வெடிக்கும். இதற்கென்றே ஜெர்மன் வால்டர் கம்பெனி 1929ல் கொண்டுவந்த இரட்டைச் செயல் பிஸ்டலில், குதிரையை ஆபத்தில்லாமல் இறக்கித் தரும் நெம்புகோல் இருந்தது. ரிவால்வரில் அப்படி ஒன்று இல்லை. கையும் நிதானமும்தான். அந்த நேரத்தில் இதயம் படபடக்க, விரல் நடுங்க, ஒருவன் காலடியில் அழ, ஏட்டு அதைச் செய்ய வேண்டும்.

உத்தரப் பிரதேசத்தில் படபடப்பு எதுவும் இல்லாமலே ஒரு விபரீதம் நடந்தது. 2023 டிசம்பர் 8ல் அலிகார் நகரின் ஒரு போலீஸ் ஸ்டேஷனுக்குப் பாஸ்போர்ட் விசாரணைக்காக மகனோடு வந்து நின்ற ஒரு பெண்மணியின் தலையில் குண்டு பாய்ந்தது. காமிராப் பதிவை நாடே பார்த்தது. ஒரு போலீஸ்காரர் பிஸ்டலைக் கொண்டுவந்து நீட்டுகிறார், சப்-இன்ஸ்பெக்டர் வாங்கித் தயார் நிலைக்குக் கொண்டுவருகிறார், வெடிக்கிறது. சில நாள் கழித்து அவர் ஆஸ்பத்திரியில் இறந்தார். ஸ்டேஷனுக்குள், மேஜைக்குப் பக்கத்தில், எதிரி என்று யாருமே இல்லாத இடத்தில் அந்தத் துப்பாக்கி தயாராக வேண்டிய தேவை என்ன என்பதற்கு எந்த விளக்கமும் போதவில்லை.

இந்த இடத்தில் சட்டம் உள்ளே வருகிறது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பேசுகின்றன. அது நினைத்துச் செய்த காரியத்துக்கான கவசம். 18ம் பிரிவு தற்செயல் விபத்தை மன்னிக்கிறது, ஆனால் 'உரிய கவனத்தோடு' நடந்துகொண்டிருந்தால் மட்டும். கவனமில்லாமல் மரணம் விளைவித்தால் 106ம் பிரிவு, 5 வருஷம் வரை சிறை. பழைய 304-ஏயில் இது 2 வருஷம்தான். சாவடியில் தேவையில்லாமல் ஏற்றி வைத்த குதிரை தானாக வெடித்தால், நினைத்துச் சுட்டேன் என்று சொல்ல முடியாது. உரிய கவனம் இருந்தது என்று சொல்வதும் கஷ்டம். இரண்டு கவசமும் கழன்றுபோய் நடுவில் நிற்க வேண்டும். போலீஸ் சுட்டு மரணம் நேர்ந்தால் சுட்ட ஆயுதத்தை ஒப்படைக்க வேண்டும், விசாரணை சுதந்திரமாக நடக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014 செப்டம்பரில் வகுத்த நெறிமுறைகள் வேறு இருக்கின்றன. 'கை தவறி வெடித்துவிட்டது' என்ற ஸ்டேஷன் வாசகம் அங்கே நீண்ட தூரம் போகாது.

ஏற்றவே கூடாதா? அப்படிச் சொல்வதும் பிடிவாதம். முப்பது நாற்பது மீட்டர் தூரத்தில் ஒருவன் பிணையாளியின் கழுத்தில் கத்தி வைத்திருக்கிறான். போலீஸ்காரர் ஒரு சுவருக்குப் பின்னால், இரண்டு கையாலும் பிடித்து, குறி பார்த்து, சுடுவது என்று முடிவும் செய்துவிட்டார். அங்கே கட்டை விரலுக்கு வேலை உண்டு. பியூமாண்ட் 1856ல் யோசித்ததும் அந்தத் தூரத்துக்குத்தான். ஆனால் அது உருவும்போது நடப்பதில்லை. உருவி, நிலை கொண்டு, குறி கிடைத்த பிறகு கடைசியாக நடப்பது. வரிசை மாறினால்தான் ஆபத்து. சாவடியில் முப்பது மீட்டர் தூரத்தில் யாரும் நின்று சண்டை போடுவதில்லை. வில்சனைக் கொன்றவர்கள் பக்கத்தில் வந்துதான் சுட்டார்கள். அப்படி எதிர்பாராமல் வருகிறவனுக்கு எதிராக ஏற்றிய குதிரையும் உதவாது, ஏற்றாத குதிரையும் உதவாது. தூரமும் துணைக்கு இன்னொரு ஆளும்தான் கொஞ்சம் உதவும். கத்தியோடு ஓடி வருபவன் 21 அடியைக் கடக்க ஒன்றரை விநாடி போதும் என்று அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி போலீஸ்காரர் டென்னிஸ் டியூலர் 1983ல் கணக்குச் சொன்னார். மூடி போட்ட உறையிலிருந்து ரிவால்வரை எடுக்கவே அந்த நேரம் போதாது. சாவடியின் மேஜையும் தடுப்புக் கம்பியும் எங்கே இருக்கின்றன, விளக்கு யார் முகத்தில் விழுகிறது, சோதிப்பவருக்குப் பின்னால் இன்னொருவர் நிற்கிறாரா என்பவை கட்டை விரலைவிட முக்கியம்.

ரிவால்வரோடுதான் நிற்க வேண்டும் என்றால், செலவில்லாத ஒரு பயிற்சி இருக்கிறது. தோட்டா பஞ்சம் என்ற சாக்கு இதற்கு ஒத்துவராது. தோட்டாக்களை எல்லாம் எடுத்து வேறு அறையில் பூட்டிவிட வேண்டும். உருளையைத் திருப்பி ஆறு அறையையும் கண்ணால் பார்த்து, விரலால் தடவிப் பார்க்க வேண்டும். வெறும் சுவரில் ஒரு புள்ளி. முன் குறிமுனையின் மேல் ஓர் ஒற்றை ரூபாய் நாணயம். இப்போது கட்டை விரலைக் கீழே மடக்கிப் பிடியோடு அழுத்தி, விசையைச் சீராகப் பின்னால் இழுக்க வேண்டும். குதிரை தானே ஏறும், தானே அறையும். முதல் நாள் நாணயம் ஒவ்வொரு முறையும் விழும். சாவடிக்குப் போகும் முன் பத்துத் தடவை, திரும்பி வந்ததும் பத்துத் தடவை என்று பழகினால், சில வாரத்தில் நாணயம் அங்கேயே உட்கார்ந்திருக்கும்.